பழைய ஊசியிலைகளை மட்டும்

ஒன்பதே கால்: மாற்றம் இல்லை. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுத வேண்டும், ஒன்றும் நடக்காவிட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுத வேண்டும், நடக்காததும் ஒரு தரவுதான் என்று உயிரியல் படிப்பிக்கிற மிஸ் ஹாலோரன் சொல்லுவா, ஒவ்வொரு வசனத்தின் வாலையும் ஒரு படி மேலே தூக்கிவைத்து, தான் சொன்னதில் தனக்கே நம்பிக்கையில்லாத மாதிரி. போன வருசம் வரைக்கும் அவவைச் செய்து காட்டுவது சுகமாக இருந்தது. கழுத்தை நீட்டி, மூச்சை மூக்குக்கு ஏற்றி, கடைசிச் சொல்லில் காலை வழுக்க விட்டால் போதும், வகுப்பு முழுக்க மேசையில் விழுந்து சிரிக்கும். இப்போது முயன்றால் தொண்டை நோகிறது. ஐந்து வண்ணத்துப்பூச்சிக் கூட்டுப்புழுக்கள், ஒரு அகன்ற ஊறுகாய்ப் போத்தல், அதன் வாயில் இழுத்துக் கட்டிய அம்மாவின் பழைய காலுறை, பின்வளவுப் பலகைத் தளத்தில் நான். சனிக்கிழமை. பதினொரு மணிக்குப் பெரியப்பா வருகிறார். அதை எழுத மிஸ் தந்த படிவத்தில் கட்டம் இல்லை. ஆறு வருசமாக எங்கள் வீட்டுக்கு வராதவர், அப்பாவோடு ஒரு சொல் கதைக்காதவர், இன்றைக்கு விடிய வன்கூவரில் காரை எடுத்து மலைப்பாதையில் ஐந்து மணித்தியாலம் ஓடி வருகிறார், ஏனென்றால் தம்பி வா என்று கூப்பிட்டான். தம்பி கூப்பிடவில்லை. தம்பிக்கு, அதாவது அப்பாவுக்கு, இதில் ஒன்றும் தெரியாது. கூப்பிட்டது நான், அப்பாவின் குரலில். பதினொரு மணிக்கு முன்னம் உள்ளே போய், அப்பா நான் ஒரு பகிடி விட்டனான் என்று தொடங்கி, தொடங்கியதை முடித்தும் ஆக வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தும் அசையவில்லை.

பகிடிதான். வேறு என்ன. பெப்ரவரியில் என் குரல் உடைந்தது, அங்கேதான் எல்லாம் தொடங்கியது. அதற்கு முதல் எனக்குள் இருந்தவர்கள் முழுக்க மேல்கட்டைக் குரல்காரர்: அம்மா, மிஸ் ஹாலோரன், வன்கூவர்க் கோயிலில் தேர் புறப்படுகிற நேரம் பார்த்துப் பிழையாக நிறுத்திய கார்களின் இலக்கத்தை ஒலிபெருக்கியில் வாசிக்கிற அக்கா. பிறகு ஒரு கிழமை தொண்டைக்குள் யாரோ தளபாடம் இழுத்தார்கள். இழுத்து முடிய அந்த அக்காவைத் தேடிப் பார்த்தேன், இல்லை, அம்மாவைத் தேடினேன், இல்லை, எல்லாரும் வீடு காலி செய்து போயிருந்தார்கள். அண்டைக்கு வீட்டுப் போன் அடித்தது, மரஆலையில் அப்பாவோடு வேலை செய்கிற சின்னராசா மாமா. "தவம், நாளைக்கு வேலைக்கு வாறியோ?" அப்பாவின் பெயர் தவநாதன். "நான் ஆரூரன், மாமா" என்று சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது என்னவோ "சரி, பாப்பம்." அவர் திருப்தியாக வைத்துவிட்டார். நான் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றேன், கையில் எதையோ பிடித்துவிட்ட மாதிரி. அப்பா இவ்வளவு லேசா? நாக்கைக் கீழ்ப்பல்லுக்குள் படுக்க வை, மூச்சில் பாதியைச் செலவழிக்காமல் வைத்திரு, கடைசிச் சொல்லுக்கு மேலே ஒரு கல்லை வை, முக்கியமான விசயம் என்றால் முன்னால் ஒரு ம்ஹ்ம். முடிஞ்சுது, அப்பா ரெடி. அப்பாவின் வட்சப் என் மடிக்கணினியிலும் திறக்கும், ஆலைப் படிவங்களை அச்செடுக்க நான்தான் இணைத்துக் கொடுத்தேன். அதற்குள் அப்பா ஒதுக்கி மூடிவைத்த உரையாடல்களுக்கு ஒரு பெட்டி இருக்கிறது, அங்கே என்ன வந்து விழுந்தாலும் போன் சத்தம் போடாது. பெட்டிக்குள் ஒரேயொரு பெயர். அண்ணை. கடைசித் தகவல் ஆறு வருசத்துக்கு முந்தியது, ஒரு விமானத்தின் இலக்கம். ஏப்ரல் மாதம், புதன்கிழமை, வீட்டில் ஒருத்தரும் இல்லை. ஒரு குரல்பதிவு அனுப்பினேன், ஒரே சொல்: "அண்ணை." அனுப்பிவிட்டுக் கட்டிலில் உருண்டு சிரித்தேன். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. பதினொரு விநாடி. பத்து விநாடிக்கு மூச்சு மட்டும். பிறகு: "சொல்லு." சிரிப்பு நின்றுவிட்டது என்றால் பொய், சிரிப்பு இருந்தது, ஆனால் வேறொரு அறையில் போய் இருந்துகொண்டது.

ஒன்பதரை: மாற்றம் இல்லை. ஒன்பதே முக்கால்: இரண்டாவது கூட்டில் வெள்ளை தெரிகிறது, தோல் மெலிந்து உள்ளே மடித்த செட்டை வெளியே தெரிகிறது, கறுப்புக் கோடுகூட. அடுத்ததும் அப்படித்தான். நாலாவது மட்டும் மண்ணிறமாகிப் போய்க் கிடக்கிறது, அதற்குள் செட்டை தெரியவில்லை. அது பிந்துகிறது போல. இதெல்லாம் போன புரட்டாதியில் முட்டையாக இருந்தவை. பைன் மரத்தின் ஊசியிலை ஒன்றில் பச்சை மணிகளைக் கோத்து ஒட்டின மாதிரி ஒரு வரிசை, அப்படியே பனிக்குள் எட்டு மாதம், மைனஸ் இருபத்தைந்தில் என் மூக்கு கழன்று விழப்போன நாளிலும் அவை ஊசியில் ஒட்டிக்கொண்டு இருந்தன. ஆனியில் பொரித்தன. சின்னனில் தனியாகத் தின்ன மாட்டா, ஒரே ஊசியைச் சுற்றித் தலைகளை வைத்துக்கொண்டு பந்தியிலே இருக்கிற மாதிரித் தின்னும். பழைய ஊசியிலைகளை மட்டும்தான் தின்னும், இந்த வருசத் துளிரைத் தொடாது. ஆடி நடுவில் எங்கள் தெரு முழுக்க மரங்கள் எரிந்து முடிந்த தீக்குச்சிகள் மாதிரி நின்றன. அம்மா சொன்னா, "உந்த மரம் செத்துப்போச்சுது, வெட்டுங்கோ, விழுந்தால் கூரையிலை." அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நுனியிலை பச்சை கிடக்கு, பாப்பம்" என்றார். பிறகு ஒருநாள் புழுக்கள் நூல் விட்டு இறங்கத் தொடங்கின, எண்பது அடி உயரத்தில் இருந்து, நூற்றுக்கணக்கில், காற்றில் ஆடி ஆடி, கழுவிக் காயப்போட்ட உடுப்பு, தபால்பெட்டி, அம்மாவின் கொண்டை, எங்கே தொட்டாலும் பச்சையாக ஒன்று. அம்மா கத்தினா. அம்மா இப்போது குசினியில் என்னவோ பொரிக்கிறா, வாசம் வருகிறது. கணவாய். கணவாயா? இந்த வீட்டில் கணவாய் தின்கிற ஆளே இல்லை, அப்பா தின்றால் உடம்பு முழுக்கத் தடித்துவிடும், எனக்கு அந்த ரப்பர் பிடிக்காது, அம்மாவுக்குத் திடீரென்று ஆசை வந்திருக்கும். இது முக்கியமில்லை. முக்கியம் இப்போது எழும்பி உள்ளே போவது. எழும்பினேன். கதவுவரைக்கும் போனேன். கண்ணாடிக்குள்ளே அப்பா, சனிக்கிழமை முகம் மழித்து, ஆலைக்குப் போடாத நீலச் சேட்டு, மேசையில் எதையோ துடைத்துக்கொண்டு நிற்கிறார். வெளியே போகப் போகிறார் போல. போனால் நல்லது. போகக் கூடாது. போனால் பெரியப்பா வரும்போது இருக்க மாட்டார், இருந்தால் பெரியப்பா வரும்போது இருப்பார். அம்மா கதவைத் திறந்து, "என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய், பூச்சி வந்திட்டுதோ?" "இல்லையம்மா." "அப்ப போ, போய் இருந்து பார், குசினிக்குள்ளை இலையான் வருது." போய் இருந்தேன்.

இந்த இரண்டு பேரும் ஏன் கதைப்பதில்லை என்று கேட்டால் ஒரு வசனம் போதும்: அப்புவுக்குக் கொள்ளி வைத்தது அப்பா. அப்பு அப்பாவின் அப்பா, ஊரில் செத்தார். தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்கு இளையவன், அப்படித்தான் முறை. அப்பா ஏற்கெனவே அங்கே போயிருந்தார், பெரியப்பா விமானம் ஏறினார், நடுவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் ஒன்றரை நாள் மாட்டிக்கொண்டார். அப்பா காத்திருக்கவில்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்தது காடாத்துக்கு, எரிந்த இடத்தில் தண்ணீர் தெளித்து எலும்பு பொறுக்குகிற காலமைக்கு. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டாராம், "ஒரு நாள் பொறுக்கேலாமல் போச்சுதோ?" அப்பா பதில் சொல்லவில்லையாம். அந்தப் பதில் இல்லாமை விமானம் ஏறி அப்பாவோடு கனடாவுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை பிடித்து ஆறு வருசமாக இருக்கிறது. வைகாசியில் பெரியப்பா குரல்பதிவில் கேட்டார்: "ஏன்ரா இப்ப?" நான் அப்போது அப்பாவில் நல்லாத் தேறிவிட்டேன், எட்டு ஒன்பது பதிவு போய்விட்டது, பனியைப் பற்றி, மரத்தைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றி. சொன்னேன்: "ம்ஹ்ம். பிழை என்ரை பக்கம் அண்ணை. நான் ஒரு நாள் பொறுத்திருக்க வேணும்." சத்தியமாக நான் நல்லது செய்ய நினைக்கவில்லை. அப்பாவின் குரல் அப்படி வளையுமா என்று பார்த்தேன், அவ்வளவுதான், ஒரு கம்பியை வளைத்துப் பார்க்கிற மாதிரி. வளைந்தது. பெரியப்பா அனுப்பிய பதிலில் சொல்லே இல்லை, யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுகிற சத்தம், பிறகு திரும்பத் திறக்கிற சத்தம். அதை நான் ஒரு தரம்தான் கேட்டேன். இரண்டாந்தரம் கேட்கவில்லை, எனக்குப் பிடித்த குரல்களை நான் நூறு தரம் கேட்பவன், அதைக் கேட்கவில்லை. ஆனியில் இன்னொன்று. அதில்தான் நான் திரும்பத் திரும்பப் போய் விழுகிறேன். "தவம், உன்ரை மூக்கு இப்ப சத்தம் போடுறேல்லையோ?" மூக்கா? என்ன மூக்கு? அப்பாவின் மூக்கு கொஞ்சம் கோணல், சின்ன வயதில் கிரிக்கெட் பந்து பட்டது என்று அம்மா சொன்ன ஞாபகம், அதில் என்ன சத்தம்? எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. கெட்டிக்காரன் மாதிரிச் சொன்னேன்: "டொக்டர் சரியாக்கிப் போட்டார் அண்ணை." இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள், "சந்தோசம்." அவ்வளவுதான். சந்தோசம் என்ற சொல்லை ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதை எத்தனையோ தரம் செய்து பார்த்தேன், எனக்கு வரவில்லை. சந்தோசம். சந்தோசம். எந்த இடத்தில் கல் இருக்கிறது என்று பிடிபடவில்லை. போன கிழமை கேட்டார், "வரட்டோ?" மாட்டேன் என்று சொல்ல அப்பாவின் குரலில் ஒரு வழியும் இருக்கவில்லை. அல்லது இருந்தது, நான் தேடவில்லை. வா அண்ணை, சனிக்கிழமை எனக்கு லீவு.

பத்து மணி: எழுதவில்லை, மறந்துபோனேன். பத்தேகால்: இரண்டாவது கூடு பிளந்தது. நனைந்த காகிதம் மாதிரி ஒன்று வெளியே வந்து தன் பழைய தோலிலேயே தொங்குகிறது, செட்டை சுருண்டு, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை நம்பாத மாதிரி. மரத்துக்கு மேலே ஏற்கெனவே வந்தவை பறக்கின்றன, வெள்ளையாக, அவசரமே இல்லாமல், கீழே இருந்து பார்த்தால் கிழித்து எறிந்த கடிதத் துண்டுகள் விழ மறந்துவிட்ட மாதிரி. நாலாவதைப் பார்க்கிறேன். நாலாவதில் ஒரு ஓட்டை. நுனியில், வட்டமாக, யாரோ கத்தியால் வெட்டின மாதிரி ஒழுங்கான ஓட்டை. இது பிளப்பு இல்லை. மிஸ் ஹாலோரன் சொன்னா, சில கூட்டுக்குள்ளே வண்ணத்துப்பூச்சி இருக்காது, ஒரு குளவி வந்து வெளியே இருந்து ஊசியைக் குத்தி ஒரு முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும், அதன்பிறகு கூடு அதே கூடுதான், அதே நிறம், அதே கோடு, உள்ளே இருக்கிறது மட்டும் வேறு ஆள். அதை அவ சொல்லும்போது வகுப்பில் எல்லாரும் சீ என்றார்கள், நான் பின்வாங்கில் இருந்து அந்தக் குளவியின் குரலைச் செய்தேன், ஹலோ, உள்ளை ஆர், நான்தான் வண்ணத்துப்பூச்சி, எல்லாரும் சிரித்தார்கள், நான்தான் கூடச் சிரித்தேன். ஓட்டைக்குள் என்னவோ அசைகிறது. எனக்கு அதைப் பார்க்க வேண்டாம். திரும்ப எழும்பினேன், இந்தமுறை நேரே கராஜுக்கு. அப்பா ஒரு மடக்குக் கதிரையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். அப்பா என்றேன், அது அவருடைய குரலாகவே வந்தது, இரண்டு அப்பா ஒரு கராஜுக்குள், ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற மாதிரி. அவர் நிமிரவில்லை. "என்ன?" "ஒண்டு வந்திட்டுது, பூச்சி." "சரி, பாப்பம்." அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது கதிரையை எடுத்தார். அங்கே ஏதோ ஒரு சத்தம், மிக மெல்லியது, கேத்தல் கொதிக்கத் தொடங்க முதல் வருகிற மாதிரி, நான் தேடவில்லை, கராஜில் எத்தனையோ சாமான். ஓடி என் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் அழித்துவிடலாம். முழு உரையாடலையும். அழித்துவிட்டு, பெரியப்பா வந்து வாசலில் நிற்கும்போது நானும் அம்மாவைப் போல வாயைப் பொத்தி ஆச்சரியப்படலாம், எனக்கு அம்மாவின் ஆச்சரியம் குரல் இல்லாமலும் வரும். நேற்றிரவு முழுக்க அந்தப் பெட்டியைத் திறக்கப் பயந்தேன். இப்போது திறந்தேன்.

கீழே இரண்டு புதுப் பதிவு. ஒன்று அப்பாவின் பக்கத்திலிருந்து போனது, இன்று காலை ஐந்து நாற்பது. நான் அனுப்பவில்லை. ஐந்து நாற்பதுக்கு நான் நித்திரை. நித்திரையில் அனுப்பினேனோ? அப்படியும் நடக்குமா, குரல் பழகிப் பழகித் தானாக எழும்பிப் போய்க் கதைக்குமா? அழுத்தினேன். முதலில் சொல் இல்லை, அந்தக் கேத்தல் சத்தம், மூச்சு உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது கொஞ்சம் தாழ்வாக இன்னொன்று, சீழ்க்கை மாதிரி. "ம்ஹ்ம். அண்ணை. பெடியன் உன்னட்டைக் கேட்ட மன்னிப்பு நான் கேட்டதில்லை. கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை, அந்த வெய்யிலுக்கை அப்புவை அப்பிடி வைச்சுக்கொண்டு இருக்க என்னாலை ஏலேல்லை. அந்த நாள் திரும்பி வந்தாலும் அதைத்தான் செய்வன். உது உனக்குத் தெரிய வேணும்." சீழ்க்கை. சீழ்க்கை. "வாறதெண்டால் வா. கணவாய் வாங்கியிருக்கு. வளைவுகளிலை மெதுவா ஓடு." அடுத்தது பெரியப்பா, ஆறு ஐந்து, பின்னால் கார் இயங்குகிற இரைச்சல். "எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். என்ரை பந்து பட்ட மூக்கை நான் மறப்பனோடா. வெளிக்கிட்டிட்டன்." முதல் நாளே. அந்தப் பத்து விநாடி மூச்சு, நான் அனுப்பிய "அண்ணை"க்குள் அவர் தேடிக்கொண்டிருந்த சத்தம், அது கிடைக்காமல் போய் அவர் சொன்ன "சொல்லு." என்னைத்தான் சொல்லச் சொன்னார். நாலு மாதம் அவர் கதைத்தது என்னோடு, தெரிந்துகொண்டு என்னோடு, முழங்கால் நோவைக்கூட. அந்தத் தண்ணீர்க் குழாய்? அப்போது எதற்குக் குழாயைத் திறந்தார்? நான் சொன்ன மன்னிப்பு பொய் என்று தெரிந்துமா? திரும்ப அழுத்தினேன், அப்பாவின் பதிவை, மூன்று தரம், நாலு தரம், சொற்களை விட்டுவிட்டுச் சீழ்க்கையை மட்டும். பிறந்த நாளிலிருந்து என் தலைக்கு மேலே அடித்துக்கொண்டிருந்தது, குளிர்ப்பெட்டியின் இரைச்சல் மாதிரி, அதனால்தான் அது எனக்குக் கேட்கவே இல்லை. செய்து பார்த்தேன். மூக்கைக் கோணினேன், ஒரு துவாரத்தைப் பொத்தினேன். காற்றுத்தான் வந்தது.

திரும்பி வந்து தளத்தில் இருந்தேன், இருக்க வேறு இடம் தெரியவில்லை. பத்தே முக்கால் என்று எழுதிவிட்டுப் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அந்தச் சத்தம் வந்து நின்றது. அப்பா குனிந்து போத்தலைப் பார்த்தார். செட்டை விரிந்த வெள்ளைப் பூச்சி ஒரு பக்கம், நாலாவது கூட்டின் மேலே செம்மஞ்சள் நிறத்தில் மெலிந்த ஒன்று, மீசையைத் துடைத்துக்கொண்டு.

"உது வண்ணத்துப்பூச்சி இல்லையே."

"குளவி, அப்பா."

"கூட்டுக்குள்ளை எப்பிடிப் போனது?"

"வெளியிலை இருந்து குத்தி முட்டை விட்டிட்டுப் போகும். பிறகு உள்ளை இருந்து தின்னும்."

"ம்ஹ்ம்." அவர் போத்தலைக் கொஞ்சம் திருப்பினார். "பூச்சி?"

"பூச்சி இல்லை. முடிஞ்சுது."

"மற்றது வந்திட்டுதுதானே." மூச்சு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. "அண்ணை எனக்கு வேலைக்கு ஃபோன் எடுத்தவர், ரெண்டு கிழமைக்கு முன்னம். ஆறு வருசத்துக்குப் பிறகு எடுத்து முதல் கேட்டது என்னெண்டு தெரியுமோ? உன்ரை பெடியன் உன்னை நல்லாச் செய்யிறான், பள்ளிக்கூடத்திலை படிக்கிறானோ எண்டு."

சொல்ல எந்தக் குரலும் வரவில்லை, தேர் அக்காவும் இல்லை, மிஸ் ஹாலோரனும் இல்லை.

"நான் கேக்காத மன்னிப்பை நீ எனக்காகக் கேட்டிருக்கக் கூடாது," என்றார் அப்பா. "அது என்ரை. வைச்சிருந்தாலும் என்ரை, குடுத்தாலும் என்ரை."

முன்பக்கத்தில் சரளைக்கல் நெரிபட்டது. ஒரு கார், மெதுவாக, வளைவில் போகிற மாதிரி. அம்மா அடுப்பைத் தணிக்கிறது கேட்டது.

"போ," என்றார் அப்பா. "நீ கூப்பிட்ட ஆள்தானே. நீ போய்க் கூப்பிடு."

வீட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் பைன் மரத்தின் கீழே செட்டைகள் உதிர்ந்து கிடந்தன, வந்து இரண்டு கிழமைகூட ஆகாதவை, முட்டை வைத்து முடிந்தவை. கார்க் கண்ணாடி இறங்கியது. பெரியப்பாவுக்கு நான் நினைத்ததைவிட வயது போயிருந்தது, அப்பாவின் முகத்தை வெயிலில் வைத்து மறந்துவிட்ட மாதிரி. கைகள் இன்னும் ஸ்டியரிங்கில். என்னைப் பார்த்தார், பத்து விநாடி இருக்கும், மூச்சு மட்டும்.

"சொல்லு," என்றார்.

நாக்கு தன்பாட்டில் கீழ்ப்பல்லுக்குள் படுத்தது. கிளப்பினேன். "வாங்கோ பெரியப்பா," என்றேன். வா மேலே போய் உடைந்தது, ங்கோ கீழே விழுந்தது, பெரியப்பா எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. கதவையும் திறக்கவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, காது கொடுத்தபடி இருந்தார். எனக்குப் பின்னால், வீட்டு மூலையைத் திரும்பி, சரளைக்கல்லில், அந்தச் சீழ்க்கை வந்துகொண்டிருந்தது.